சாரதாமணி பாடாமல் இருந்த நாட்கள்

ஆகஸ்ட் 9, புதன்

கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. பீரோவுக்கு மேல் வெறுமையாகக் கிடந்ததை இன்று எடுத்துத் துடைத்தேன். நாளை எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்கப்புறம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மனசுல இருக்கறத எழுதிப் பழகுங்க. இல்லேன்னா ரெண்டாவது நாளே பேசிருவீங்க" என்றார்.

குரல் நாணை டிவியில் காட்டினார்கள். இரண்டு வெள்ளை நாடாக்கள். ஒன்றின் ஓரத்தில் அரிசி மணி போல ஒரு சதை. வைண்டிங் செக்‌ஷனில் மெஷின் சத்தத்துக்கு மேல் பகலெல்லாம் கத்துவதும், கோயில் நோன்பி சீசனில் ஓய்வில்லாமல் மேடையேறுவதும் சேர்ந்து செய்த வேலை அது.

என்னைப் பற்றி நானே எழுதிக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது. சாரதாமணி. கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறேன். மற்ற நேரம், ரெண்டாம் ஷிப்டுக்கு ஊதும் சங்கின் பேரில் 'ரெண்டாம் சங்கு' என்று வைத்த பேண்டில் பாடுகிறேன். பேண்டில் ஒருத்தர்கூட முழுநேரப் பாட்டுக்காரர் இல்லை. கிதார் வாசிக்கும் லெஸ்லி அண்ணன் ரயில்வேயில் சிக்னல் வேலை. டிரம்ஸ் காஜா லாரிக்கு பாடி கட்டுகிறவன்.

வீட்டுக்காரர் திருமூர்த்தி நாக்பூர் லோடு போயிருந்தவர் இன்று காலையில் வந்துவிட்டார். லாரி டிரைவர். வந்ததும் குளித்தார், சாப்பிட்டார், வண்டியின் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், தூங்கினார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான்தான் பேசுவேன்.

பையில் வைத்தாயிற்று: துண்டு, பிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

முடிந்தது. வாயெல்லாம் இரும்பு ருசி.

ஆகஸ்ட் 14, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தகரக் கூரையைத் தட்டிவிட்டுப் போகிறது. எதுவும் பேசாமல் படுத்திருந்தால் காற்றுக்குள் பல அடுக்குகள் இருப்பது தெரிகிறது. அடியில் ஒரு முனகல், அதற்கு மேல் தென்னை மட்டையின் சரசரப்பு, அதற்கும் மேலே பெயர் தெரியாத மெல்லிய ஒன்று. இத்தனை வருஷம் இதையெல்லாம் என் சத்தத்தால் மூடி வைத்திருந்தேன் போலிருக்கிறது.

மத்தியானம் ஒரு கனவு. பைபாஸ் ரோட்டில் நான் நடந்து போகிறேன். எனக்கு முன்னால் என் குரல் போகிறது. அதற்கு உருவம் இல்லை, ஆனால் போவது தெரிகிறது. கூப்பிடலாம் என்றால் கூப்பிட என்னிடம் எதுவும் இல்லை. கனவில் பயமே வரவில்லை. வெயில் இதமாக இருந்தது.

விழித்தபோது சமையலறையில் யாரோ பேசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் அவர். அடுப்போடு பேசிக்கொண்டிருந்தார். "இந்த பர்னர ஒருத்தரும் கழட்டித் தொடைக்கறதில்ல. பாதி ஓட்டையில தீயே வரல பாரு." என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கிண்ணத்தை நீட்டி, "கஞ்சி வெச்சிருக்கேன் அம்மிணி. உப்பு பார்த்துச் சொல்லு" என்றார். பிறகு நான் சொல்ல முடியாது என்பது ஞாபகம் வந்து தலையைச் சொறிந்தார்.

உப்பு அதிகம். கை ஜாடையில் சரியாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

அவர் இன்னும் லோடுக்குப் போகவில்லை. என்ஜினை இறக்கியிருக்கிறார்களாம். அப்படியானால் வொர்க்‌ஷாப்பில் அல்லவா நிற்பார், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடும்போது மியூசிக் டீச்சர் என்னிடம், நீ வாயை மட்டும் அசை என்பார். ஆம்பளைக் குரல். அதற்கப்புறம் பல வருஷம் குளியலறையில்கூடப் பாடியதில்லை. ஒரு மே தினத்தன்று யூனியன் விழாவில் பாட வேண்டியவர் வரவில்லை. "வைண்டிங் அக்கா பாடுவாங்க" என்று யாரோ வேடிக்கையாகத் தள்ளிவிட்டார்கள். ஷிப்டு முடிந்து பஸ்சில் வீட்டுக்குப் போவதைப் பற்றி நானே கட்டிய நாலு வரியைப் பாடினேன். மேடைக்குப் பக்கத்தில் கிதாரோடு நின்றிருந்த ஒருவர் அதற்கு வாசித்துக்கொண்டே வந்தார். அவர்தான் லெஸ்லி அண்ணன்.

அடுத்த ஞாயிறு போத்தனூரில் அவர் வீட்டில் பழைய ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் லாரிக்காரர்களும் சுரங்க வேலைக்காரர்களும் பாடுகிற பாட்டு என்றார். பாஷை புரியவில்லை. வேலை முடிந்து போகிற ஒருத்தன், வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே பாடுகிறான் என்பது மட்டும் புரிந்தது. "இத தமிழ்ல உங்க தொண்டையில பாடோணும்மா. அப்பதான் சரி வரும்" என்றார். அன்றைக்குத்தான் என் குரலுக்கு ஓர் ஊர் இருப்பது தெரிந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

லெஸ்லி அண்ணன் வந்தார். ஆப்பிளும் சங்கடமுமாக வந்தார்.

பெங்களூரில் ஒரு பாட்டுக் கம்பெனி எங்கள் பாட்டுகளை ரெக்கார்டு செய்வதாக இருந்தது. எனக்குக் குரல் வரும்வரை அவர்கள் காத்திருக்கத் தயாரில்லை. ஸ்டூடியோ தேதி செப்டம்பரில். ஹர்ஷிதா என்று ஒரு பெண், காலேஜ் முடித்தவள், நன்றாகப் பாடுவாள், அவளை வைத்து ஒரு பாட்டாவது முடிக்கலாம் என்கிறார்களாம். எந்தப் பாட்டு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காத்து வருது கணவாய் தாண்டி
காத்திருந்தேன் வரல வண்டி.

தாராபுரம் டீக்கடையிலிருந்து ஓசூர் செக்போஸ்ட் வரை லாரிக்காரர்கள் பென் டிரைவில் வைத்திருக்கும் பாட்டு அது. எனக்கு 'டீசல் குயில்' என்று அவர்கள் பெயர் வைத்ததே அதற்கப்புறம்தான்.

"நீ வேண்டாம்னா விட்டரலாம் மணி. பேண்டே வேண்டாம்னாலும் சரிதான்" என்றார் லெஸ்லி அண்ணன்.

நான் பேனாவை எடுப்பதற்குள் வீட்டுக்காரர் குறுக்கிட்டார். "குடுக்க முடியாதுங்க. அது அவ பாட்டு. அவ எந்திரிச்சு வந்து பாடிக்குவா."

எங்கள் வீட்டு விஷயத்திலோ பேண்டு விஷயத்திலோ இவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. என் மேடைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: கொடுக்கலாம்.

இவர் அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போனார். பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றிருப்பார்.

பாட்டைக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆப்பிள் மாவு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 21, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தப் பாட்டு எனக்குப் புடிக்கும்னு நேத்து அப்படிச் சொல்லல அம்மிணி. அத டீக்கடையில போடறப்பல்லாம், இந்தக் கேடுகெட்ட டிரைவர் எவன்டான்னு பசங்க கேட்டுச் சிரிப்பானுங்க. நானுஞ் சேர்ந்து சிரிச்சிருக்கேன். என்ற சம்சாரம் பாடுனதுன்னு ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வழியும் இல்லை. குரல் இருந்திருந்தால் நடுவில் நாலு வார்த்தை போட்டிருப்பேன், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

"வண்டி வரல. வாஸ்தவந்தான். வண்டிய நாக்பூர்ல லோடோட போட்டுட்டு வந்தேன். உங்கக்கா போன் பண்ணுன அன்னிக்கே ரயிலேறிட்டேன்."

சில வருஷம் முன்னால் ஒரு ஆனி மாதம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் வந்தார். பாட்டு அங்கேதான் பிறந்தது. அதற்கு மேல் நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

"ரெண்டாம் நாள் மத்தியானம் வார்டுக்கு வந்துட்டேன். கதவுகிட்ட வந்துட்டேன். நீ செவுத்தப் பார்த்துப் படுத்திருந்தே. வாய்க்குள்ளயே ஏதோ ராகம் பாடிட்டிருந்தே. நர்சு சொல்லுச்சு, வயித்துல இருந்த ஆறு மாசக் கொழந்த, பொண்ணு, காப்பாத்த முடியலீங்கன்னு. நானு வராண்டாவுலயே நின்னுட்டேன்."

ஏன் உள்ளே வரவில்லை என்று எழுதிக் காட்டினேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"உள்ள வந்தா நீ பாடறத நிறுத்திருவே. நிறுத்துனா அழுவே. அழுதீன்னா எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது. பாடிட்டு இருக்கற வரைக்கும் பரவாயில்லையாட்ட இருந்துச்சு. நர்சுங்க வந்து எல்லாரையும் வெளிய போகச் சொல்ற வரைக்கும் நின்னேன். அப்பறம் வண்டிய எடுத்துட்டு வர நாக்பூருக்கே போயிட்டேன்."

நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக முனகிக் காட்டினார். அவருக்கு ராகம் சரியாக வராது. ஆனாலும் தெரிந்தது. பாட்டின் நடுவில், மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் தயங்கி ஒரு படி கீழே இறங்கும் ஒரு திருப்பம். அது இப்போதுள்ள பாட்டில் இல்லை. லெஸ்லி அண்ணனிடம் முதல் தடவை பாடிக் காட்டும் முன்பே நான் அதை எடுத்துவிட்டேன். அந்தப் படுக்கையைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பாடியதில்லை.

டீ ஆறிவிட்டது. சுட வைத்துக் கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கடுகு, தேங்காய் எண்ணெய், துணி சோப்பு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அந்தப் பெண் ஹர்ஷிதா வந்தாள். கெட்டிக்காரியாக, திமிராக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று தயங்கினாள்.

"அக்கா, நோட்டெல்லாம் கரெக்டா வருது. ஆனா உங்க ரெக்கார்டிங்க கேட்டுட்டு என்னோடத கேட்டா எனக்கே சிரிப்பா இருக்கு. நான் பாடினா காலேஜ் காம்படிஷன் மாதிரி இருக்கு. 'வரல வண்டி'ல எப்படி மூச்சு எடுக்கறீங்க?"

சொல்ல முடியாது. எழுதினால் விளங்காது. அவளைச் சுவரோரம் நிற்க வைத்து முதுகில் கையை வைத்தேன். பாடச் சொல்லி ஜாடை காட்டினேன். அவள் 'காத்திருந்தேன்' முடிந்ததும் மூச்சை இழுத்தாள். நான் உள்ளங்கையால் முதுகை அழுத்தினேன், இழுக்காதே என்று. அவள் குழம்பி மூச்சில்லாமலேயே 'வரல' என்றாள். குரல் ஓரத்தில் கொஞ்சம் உடைந்தது. அவளே திரும்பி என்னைப் பார்த்தாள்.

பிறகு சரியாகப் பாடிவிட்டாள். மேலே போகும் இடத்தில் என் குரல் எப்போதும் கரடுமுரடாகத் தேயும். அவளுடையது அப்படியே ஏறிப் போயிற்று. ஓட்டுக்கு மேல் காற்று போகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக் கேட்டேன்.

போகும்போது என் காலைத் தொட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஊறுகாய் கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 4, திங்கள்

வேலைக்குப் போனேன். எல்லாம் ஜாடைதான். மோட்டார் கூடான ஸ்டேட்டருக்குள் கம்பிச் சுருளை இறக்கும்போது பக்கத்து டேபிள் வசந்தாமணி, "நீ பேசாம இருக்கறது கரண்டு போன மாதிரி இருக்குதக்கா" என்றாள். செம்புக் கம்பி விரலில் ஓடுகிறது. மெஷின்களின் சத்தம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சுருதியில் நிற்பதை இன்றுதான் கவனித்தேன். அதன் மேல் எந்தப் பாட்டையும் வைக்கலாம்.

சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் லாரி ஓனர் பைக்கை நிறுத்தினார். "திருமூர்த்திகிட்ட நீயாச்சும் சொல்லும்மா. நாக்பூர் லைன் வேண்டாம், லோக்கல்தான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான்" என்றார். என்ஜின் இறக்கினீர்களா என்று போனில் எழுதிக் காட்டினேன். "எந்த என்ஜின?" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை அவரிடம் கேட்கவில்லை. கத்தரிக்காய் வதக்கியிருந்தார். உப்பு சரியாக இருந்தது.

செப்டம்பர் 8, வெள்ளி

டாக்டரம்மா சில வார்த்தைகள் பேசலாம் என்று சொல்லிவிட்டார். முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்று பஸ்சில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரரைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கண்டக்டர் வந்து நின்றார். "கணபதி ஒண்ணு" என்றேன்.

முதல் வார்த்தை அதிலேயே போய்விட்டது. யாரோ பின் சீட்டிலிருந்து பேசிய மாதிரி, குரல் அடியாழத்திலிருந்து வந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

வீட்டில் அவரிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பதற்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று தெரியாது.

செப்டம்பர் 24, ஞாயிறு

தினமும் முனகல் பயிற்சி. உதட்டை மூடிக்கொண்டு மேலும் கீழும் போய் வர வேண்டும். கீழே கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கலாம், அவ்வளவு இடம் இருக்கிறது. மேலே பாதியில் கதவு சாத்தியிருக்கிறது. தட்டினால் காற்று மட்டும் வருகிறது.

இன்னும் நாளிருக்கிறது, திறக்கும்.

அக்டோபர் 6, வெள்ளி

பாட்டு வந்துவிட்டது. 'எழுத்து, இசை: சாரதாமணி. குரல்: ஹர்ஷிதா.'

காந்திபுரத்தில் டீக்கடையில் கேட்டேன். வடைக்குக் காத்திருந்த இரண்டு பையன்கள் கூடவே பாடினார்கள். என் வார்த்தைகள் நன்றாகக் குளித்து, புதுத் துணி உடுத்தி வந்திருந்தன. "செமையா பாடறாங்கல்ல?" என்று ஒருவன் என்னிடமே சொன்னான். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

பஸ்சை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். தூறல் இருந்தது. கண்ணில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

அக்டோபர் 14, சனி

டாக்டரம்மா கேமராவில் பார்த்தார். புண் சுத்தமாக ஆறிவிட்டது. ஆனால் மேல் சுருதி திரும்ப வராது. "பேசறதுக்கு ஒரு குறையும் இருக்காது. பாடறது உங்க இஷ்டம். ஆனா பழைய எடத்துக்கு ஏற வேண்டாம்" என்றார். பெங்களூர்க்காரரும் போனில் அன்பாகத்தான் பேசினார். அடுத்த ஐந்து பாட்டுகளையும் ஹர்ஷிதாவே பாடட்டும், நான் எழுதிக் கொடுக்கலாம் என்றார்.

நேராகப் போத்தனூருக்குப் போனேன். லெஸ்லி அண்ணனிடம், "என்னால அதப் பாட முடியாதுங்கண்ணா. முடிஞ்சுது" என்றேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. கிதாரின் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினார். தளர்ந்து தளர்ந்து, கம்பி பலகையில் உரசுகிற அளவுக்கு வந்தது.

"இங்க பாடிப் பாரு."

பாடினேன். மேலே போக வேண்டிய இடம் வந்தது. போகவில்லை. தயங்கி, ஒரு படி கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரியில் இறங்கிய அதே படி. என் தொண்டை தானாகவே அங்கே போயிற்று. லெஸ்லி அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இது எங்கம்மா இருந்துச்சு இத்தன நாளா?"

அவர் மனைவி கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தவர், கையில் கொத்தோடு வாசற்படிக்கு வந்து நின்றார். "இன்னொரு வாட்டி பாடு மணி" என்றார்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்த பிறகு கம்பெனி ஷெட்டிலேயே எங்கள் கச்சேரி.

முதலில் ஹர்ஷிதா பாடினாள். அவளைக் கூப்பிட்டது நான்தான். கைத்தட்டல் தகரத்தில் மோதித் திரும்பியது. அப்புறம் நான் ஏறினேன். வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. அவர்கள் எதிர்பார்த்த டீசல் குயில் இல்லை இது. ஒருவன் "அக்காவுக்குத் தொண்ட போச்சுடா" என்றது காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுருதியில் இறங்கிப் போனேன், கீழே, இன்னும் கீழே. ஸ்பீக்கர் அதிர்வது பாதத்தில் தெரிந்தது. கடைசி வரி முடிந்ததும் லேத் மெஷினுக்குக் கட்டிய வாழைக்கன்று காற்றில் ஆடும் சத்தம் கேட்டது. பிறகு வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் தட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் எல்லாரும். தொண்டை போச்சு என்றவன் இன்னொன்று பாடுங்கக்கா என்று எழுந்து நின்று கேட்டான்.

கேட்டுக்குப் பக்கத்தில் திருமூர்த்தி நின்றிருந்தார். அயர்ன் பண்ணின சட்டை. வாட்ச்மேன் அவரிடம் ஏதோ கேட்டதும், இவர் மேடையைக் காட்டிப் பதில் சொன்னதும் தெரிந்தது. என்ன சொன்னீர்கள் என்று வரும்போது கேட்டேன்.

"யாருங்க நீங்கன்னு கேட்டான். பாடறது என்ற சம்சாரம், அந்த வண்டிக்காரன் நாந்தான்னு சொன்னேன்."

அக்டோபர் 24, செவ்வாய்

பெங்களூர்க்காரருக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதம் சொன்னேன். கீழ்ச் சுருதிப் பாட்டுகள் எனக்கு வேண்டும், அவற்றைத் தர மாட்டேன் என்றும் சொன்னேன். மாதத்துக்கு ஒரு கச்சேரி போதும் என்று லெஸ்லி அண்ணனும் ஒத்துக்கொண்டார். வேலையை விடப்போவதில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

கை ஆடுகிறது. லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் கம்பெனி பம்புகளையே ஏற்றிக்கொண்டு ஹூப்ளி போகிறோம். "தூர லோடுன்னா நீயும் வரோணும். சும்மா தொணைக்கு வா" என்றார். நான் லீவு போட்டேன். இத்தனை வருஷத்தில் இவருடைய வண்டியில் நான் ஏறியது இதுதான் முதல் தடவை.

சித்ரதுர்கா தாண்டினோம். மலைமேல் வரிசையாகக் காற்றாலைகள். வெயில் இன்னும் ஏறவில்லை. இறக்கைகள் ஏதோ நினைவில் இருப்பவை போல மெதுவாகச் சுற்றுகின்றன. ரோடு வழுக்கிக்கொண்டு கீழே போகிறது. தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிலை.

இவர் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். இந்த மேட்டில் முதல் தடவை பிரேக் சூடானது, தும்கூரில் ஒரு தாபாவில் மூன்று கால் நாய் இவருக்காகவே காத்திருப்பது, மழையில் ரோடு தெரியாமல் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போனது. நடுவில், கியரை மாற்றியபடியே, குழந்தைக்கு என்று மனதில் வைத்திருந்த பெயரைச் சொன்னார். அந்த நாக்பூர் லோடில் போகும்போது யோசித்ததாம். வந்து என்னிடம் கேட்கலாம் என்று இருந்தாராம். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லையாம்.

பெயர் நன்றாக இருந்தது. இங்கே எழுதவில்லை.

அதைச் சொன்னபிறகு முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தார். இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறார், அந்தப் பெயரை எந்த ஊரில் எந்தக் கடைப் பலகையில் பார்த்தார் என்று. எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. தொண்டையும் நன்றாக இருக்கிறது, டாக்டரம்மாவின் தடை எதுவும் இல்லை. ஆனால் இவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.